தரைத்தளத்தில் மலைவாசம்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் மோட்டார் மொட்டைமாடி அறையில் இருக்கும். லிஃப்ட் நின்றுபோனால் படியேறித்தான் போக வேண்டும். சிறுநீரகம் பழுதாகி ரத்தம் குறைந்த பிறகு அத்தானுக்கு இரண்டாம் படியிலேயே மூச்சு வாங்கியது. இனி மேலே ஏறவே முடியாதோ என்ற பயம் அவரைத் தின்றது. அக்காவுக்கு அதைவிடப் பெரிய பயம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதித் தந்து விளக்கினார். செல்களுக்குள் ஒரு நொதி இருக்கிறதாம். ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்வரை, 'ரத்தம் ஊறட்டும்' என்று உத்தரவு போடும் புரதத்தை அது அடையாளம் குத்தி அழிவுக்கு அனுப்பிவிடும். மலை உச்சியில் ஆக்சிஜன் குறைந்தால் நொதியின் கை ஓய்ந்துவிடும். புரதம் பிழைக்கும், ரத்தம் ஊறும். மாத்திரை அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும்.

"மலைமேல இருக்கோம்னு உங்க உடம்பு நம்பிடும்," என்றார்.

அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"புரிஞ்சிடுச்சு," என்றார் அத்தான். "சென்சார ஏமாத்துறோம். லிஃப்ட் கீழ நின்னுக்கிட்டே நாலாவது மாடின்னு நினைச்சுக்கும். கதவத் திறந்தாத்தான் குட்டு வெளிப்படும்."

அன்றே வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. தெருவைப் பார்த்தால் உடம்புக்கு உண்மை தெரிந்துவிடுமாம். மண்டையைப் பிளக்கும் வெயிலில் இருவருக்கும் ஸ்வெட்டர், மஃப்ளர். பார்க்கப் போன நான் வாய் தவறி, "தரைத்தளத்துல கொசு ஜாஸ்தி," என்றுவிட்டேன். அத்தான் பதறி இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டார்.

"மெதுவாப் பேசுடா. கிட்னி காதுல விழுந்துடப் போவுது."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சமையலறையில் வேர்த்து வழிந்துகொண்டிருந்த அக்காவிடம், "உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?" என்று கேட்டேன்.

"மருந்து கேக்கலேன்னா அவரு என்ன விட்டுப் போயிடுவாருடா," என்றாள். "அவரு மலைன்னா எனக்கும் மலைதான். மஃப்ளர் தரேன், கட்டிக்க."

கட்டிக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனையில் ரத்த அளவு ஏறியிருந்தது. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, விடாமல் சாப்பிடுங்கள் என்றார் டாக்டரம்மா.

"மாத்திரை மட்டுமா?" என்று அக்கா சண்டைக்குப் போனாள். "நான் ஸ்வெட்டருக்குள்ள வெந்து செத்தது கணக்குல வராதா?"

சில வாரங்கள் கழித்து அத்தான் வேலைக்குப் போனார். அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் அது அடித்தது.

"மொட்டைமாடிக்கு வந்துட்டேன். நின்னு நின்னுதான் ஏறினேன், ஆனா ஏறிட்டேன். ஜன்னலத் திறந்துடு. இப்ப நிஜமாவே உசரத்துலதான் இருக்கேன்."

அக்கா ஜன்னலைத் திறந்தாள். வெயிலும் தெருச் சத்தமும் உள்ளே வந்தன. ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் தேம்பித் தேம்பி அழுதாள்.

"பாத்து இறங்கி வாங்க," என்று மட்டும் போனில் சொன்னாள்.