நூலில் விழுந்த இரண்டு முடிச்சுகள்

வடசேரியில் குஸ்தி சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியார் ஒல்லியான ஆள். கழுத்து மட்டும் தடித்திருக்கும். சேர வரும் பிள்ளைகளின் நெஞ்சை நூலால் அளப்பார். மூச்சை விட்டதும் ஒரு முடிச்சு, இழுத்ததும் ஒரு முடிச்சு. நடுவில் இரண்டு விரலாவது இடைவெளி இருந்தால்தான் சேர்ப்பார்.

அது அப்போது எனக்குத் தெரியாது. எட்டு வயதாகியும் இருமல் விடாத மகனுக்குக் குஸ்தி நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நெஞ்சு பெரிதாகத் தெரியட்டும் என்று, மூச்சடக்கி நிற்க வீட்டிலேயே பழக்கி, வில்வண்டியில் கூட்டிப்போனேன்.

இரண்டு முடிச்சும் ஒரே இடத்தில் விழுந்தன.

"ஏலே மக்கா, மூச்ச விடுலே. வெடிச்சிராத" என்றார். மகன் என்னைப் பார்த்தானே தவிர, மூச்சை விடவில்லை.

"அம்மா, இத ஆரு சொல்லித் தந்தது?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதே" என்றேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் அவனைக் கிணறுவரை ஓடிவரச் சொன்னார். இளைக்க இளைக்க வந்தவனை மறுபடி அளந்தார். இந்த முறை முடிச்சுகள் இரண்டு விரலுக்கு மேலேயே தள்ளி விழுந்தன. "நாளைக்கே வரட்டும்" என்றார்.

இப்போது அவனுக்குத் தோள் அகன்றுவிட்டது, இருமலும் இல்லை. நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்ததா என்பது இன்றும் விளங்கவில்லை. மகனுக்குத் தெரியும். ஏன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.