துரையண்ணனின் ஃபைல்

என் மடிக்கணினி இரண்டு வாரமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தப் பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாதாம். புதியதற்கு மாறுகிறாயா, இல்லை பிறகு நினைவூட்டட்டுமா என்கிறது. நானும் தினமும் பல் தேய்ப்பது மாதிரி தவறாமல் ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் இரண்டு மாடி கம்ப்யூட்டர்களையும் எப்போது மாற்றுவது என்று முடிவு செய்கிறவன் நான்தான். அங்கே யாராவது ‘பிறகு’ என்று தள்ளிப்போட்டால் மெயில் மேல் மெயில் அனுப்பி அவர்கள் உயிரை வாங்குவேன்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். புதுசே வாங்கித் தொலையுங்களேன் என்கிறாள் மனைவி. எதிர் ஃபிளாட் நண்பர் லினக்ஸ் கட்சி. “சார், அதுக்கு மாறிடுங்க. இலவசம். வைரஸ்ங்கிற பேச்சே கிடையாது” என்று மதம் மாற்ற வந்தவர் மாதிரி அரை மணி நேரம் பேசினார். வைரஸ் என்றதும் நான் பேச்சை மாற்றி அவருக்குக் காபி போடப் போய்விட்டேன். நான் செய்த ஒரு தப்புக்கு, அந்தச் சொல்லின் பேரில், வேறொரு மனிதர் வருஷக்கணக்காகத் தலைகுனிந்து நடந்தார். அதை உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் சூடானால் ஒரு வாடை வரும், வறுபட்ட தூசியின் வாடை. என் மடிக்கணினியிலிருந்து அது வரும்போதெல்லாம் நான் இருபது வருஷம் பின்னால் போய், எஸ்.பி. ரோட்டில் ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை அது. மாடிப்படியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. டிப்ளமா சர்டிஃபிகேட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஜோலார்பேட்டையில் ரயிலேறி வந்தவனுக்கு அங்கே சர்வீஸ் இன்ஜினியர் என்று பட்டம் கொடுத்து, கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொடுத்தார்கள். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் ஓனரிடம் மருந்து ஒன்றுதான். “ஃபார்மட் மாடு, முகீத்து” என்பார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடு, வேலை முடிந்தது என்று அர்த்தம். கன்னடத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் அதுதான். கொஞ்ச நாளில் ஓனரைவிட நான் அதை அதிகம் சொல்ல ஆரம்பித்திருந்தேன். வேறு டாக்டரே இல்லாத ஊரில் டாக்டர் ஆனவனுக்கு வரும் தெனாவட்டு எனக்கும் வந்திருந்தது.

தங்கியது ஸ்ரீராம்புரத்தில். ஒரு சந்துக்குள் மாடி அறை, கீழே செல்வியக்காவின் டைப்பிங் கடை. லேமினேஷன் மிஷின் சூடேறும்போது பிளாஸ்டிக்கும் பசையும் கலந்து ஒரு நெடி எழும், அது நேராக என் அறைக்குத்தான் வரும். அக்கா கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, வாடகை ஒப்பந்தம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பார். திரையையும் பார்க்காமல், விசைப்பலகையையும் பார்க்காமல், வந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டே தமிழை அடிப்பார். “மாமனார் பேரு மூணு சுழி ‘ண’வா, ரெண்டு சுழி ‘ன’வா? அதுகூட தெரியாம பொண்ணு குடுக்கறீங்களா?” என்ற குரலில்தான் எனக்குப் பல நாள் விடிந்திருக்கிறது.

அவர் கணவர் துரையண்ணன், மாநகராட்சி குப்பை லாரி டிரைவர். அதிர்ந்து பேசாதவர். வேலை முடிந்து குளித்து, சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டுதான் கடைக்குள் வருவார். புத்தர் படத்துக்கு ஒரு பூ வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்தியிருக்கும் நேரத்தில் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். பாட்டு சிடி ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரில் அக்கா ஒட்டிவைத்திருந்த எழுத்து அட்டவணையைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் தட்டுவார். ‘ழ’வைத் தேடி எடுப்பதற்குள் டீ ஆறிவிடும். அவர் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் ஆயுசு முழுக்க உழைத்தவர். கடைசி இரண்டு வருஷம் மகன் வீட்டில் இருந்தார். இருமிக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல, மகன் அடித்துவைத்த கதை அது. சுரங்கத்துக்குள் கூட வேலை பார்த்தவர்கள், செத்துப்போனவர்கள், தொழிலாளர் குடியிருப்பில் யார் யார் எந்த லைன் வீட்டில் இருந்தார்கள், எல்லாம். அப்பா போன பிறகும் அண்ணன் விடாமல் திருத்திக்கொண்டிருந்தார். அக்காவுக்குக்கூடக் காட்டவில்லை. “முடிச்சுட்டு, பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு உன் கைல தரேன்” என்பாராம்.

அந்த வருஷம்தான் பென் டிரைவ் பரவலாக வந்தது. அக்காவின் பழைய கம்ப்யூட்டருக்கு அது பிடிபடவில்லை.

“தம்பி, செருகினா கண்டுக்கவே மாட்டேங்குதுப்பா. வர்றவன்லாம் இதத்தான் எடுத்துகினு வர்றான். இத மாத்தணுமா, இல்ல இதையே வெச்சுகினு ஓட்டலாமா? நீ இன்னா சொல்ற?”

உண்மையைச் சொன்னால், அதற்கென்று ஒரு சின்ன மென்பொருளைப் போட்டிருந்தால் போதும், பத்து நிமிஷ வேலை. எனக்கு அது தெரியும். ஆனால் எனக்குப் புதிய விண்டோஸ் போடும் ஆசை. பச்சைப் புல் மேடும் நீல வானமுமாக அது திறக்கும்போது பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், போட்டவன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காக, “பழசெல்லாம் வேஸ்ட்டுக்கா, ஃபார்மட் பண்ணி புதுசு போட்டுடலாம்” என்றேன். அக்காவுக்கு அரை மனசுதான். “ஓடற வண்டிய ஏன் கழட்டணும்?” என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது துரையண்ணன் வாசல் வரை வந்தார். “தம்பி, அதுல என் ஃபைல் ஒண்ணு கீது. பத்திரம்ப்பா.”

“எல்லாம் பத்திரமா இருக்கும்ண்ணா.”

எந்த ஃபைல், என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

எஸ்.பி. ரோட்டில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எங்கள் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அக்காவின் ஃபோல்டர்களுக்கு எல்லாம் ஆங்கிலப் பெயர். திறந்துகூடப் பார்க்காமல் சிடியில் ஏற்றிக்கொண்டேன். அப்புறம் துரையண்ணன் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஓரத்தில் ஒரு ஃபோல்டர் மட்டும் இருந்தது. பெயரே கோணல்: எம், ஜி, ஒரு அரைப்புள்ளி, மறுபடி ஜி, ஹெச். உள்ளே ஒரே ஒரு ஃபைல். திறந்தால் பக்கம் பக்கமாக அதே மாதிரி ஆங்கில எழுத்தும் புள்ளியும் அடைப்புக்குறியும். கீழே இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன், எல்லாம் அதேதான். ஃபைல்களைத் தின்று குப்பையாக்கும் வைரஸ் ஒன்று அப்போது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. பாவம், அண்ணன் ஃபைலையும் அது தின்றுவிட்டது என்று நிஜமாகவே நம்பினேன். கிருமியைப் புதிய விண்டோஸுக்குள் எடுத்துப்போவானேன் என்று அதைச் சிடியில் ஏற்றவில்லை. ஃபார்மட் மாடு, முகீத்து.

அடுத்த ஞாயிறு துரையண்ணன் உட்கார்ந்து வெகுநேரம் தேடினார். பிறகு மாடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். “தம்பி, என் ஃபைல காணோமே.” நான் இறங்கி வந்து, பெரிய டாக்டர் மாதிரி, வைரஸ் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது, ஒன்றும் மிச்சமில்லை என்று விளக்கினேன். அக்கா திரும்பினார்.

“நான் எத்தினி வாட்டி சொன்னேன்? ரோட்ல விக்கற பாட்டு சிடிய அதுல போடாத, போடாதன்னு! உங்கப்பா பேசுனத நீயே அழிச்சுட்டியே!”

அண்ணன் அட்டவணை ஒட்டியிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா இறந்து அப்போது நாலு மாதம்.

இதுவரை நடந்தது அறியாமை. அதற்கு என்னை நானே மன்னித்துவிடுவேன். பிறகு நடந்ததற்குத்தான் வழியில்லை. ஒரு வாரம் கழித்து லேமினேஷனுக்காக அக்கா கடையில் நின்றிருந்தேன். அவர் யாருக்கோ பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தார். திரையில் வந்ததெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். “ஐயோ, ஃபாண்ட் மாத்தல பாரு” என்று சொல்லிக்கொண்டே அக்கா எதையோ அழுத்தினார். அந்தக் குப்பை முழுவதும் கண் முன்னால் தமிழாக மாறியது. அந்தக் காலத்துத் தமிழ் அப்படித்தான். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் ஃபாண்ட் என்று ஒரு சட்டை போட்டால்தான் தமிழாகத் தெரியும். எங்கள் எஸ்.பி. ரோடு கடையில் அந்தச் சட்டை இல்லை. எனக்குத் தமிழ் டைப்பிங்கும் தெரியாது.

நான் மெதுவாகச் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். எம் என்ற விசைக்கு ‘அ’. ஜியும் அரைப்புள்ளியும் சேர்ந்தால் ‘ப்’. ஜியும் ஹெச்சும் ‘பா’. அப்பா என்று பெயர் வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் பிறந்து, தமிழிலேயே பத்தாவது வரை படித்த நான் அதை வைரஸ் என்று அழித்திருக்கிறேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சர்வீஸ் செய்கிறேன் என்று பொய் சொல்லி ஹார்ட் டிஸ்க்கை மறுபடி எடுத்துப்போய், அழிந்ததை மீட்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அரைகுறைப் பாட்டுகள் கிடைத்தன, பாதி கல்யாண மாப்பிள்ளை முகம் கிடைத்தது. அது மட்டும் கிடைக்கவில்லை. அக்கா கடையில் திருப்பி மாட்டிவிட்டு, இப்போது சொல்லிவிடுவது என்று வெளியே வந்தேன். துரையண்ணன் டீக்கடையில் இருந்து எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு வந்தார். ஃபைல் போனதிலிருந்து அவர் கடைக்குள் வருவதில்லை, வாசலோடு சரி.

“தம்பி, என்னால உனக்குதான் எவ்ளோ பேஜாரு. சிடி போட்டது என் தப்புதான். மனசுல வெச்சுக்காதப்பா.”

“பரவாயில்லண்ணா” என்றேன். மன்னித்தேன், பாருங்கள்! பெருந்தன்மையோடு டீயையும் குடித்தேன்.

“மறுபடி எழுதலாமேண்ணா?” என்று கேட்டதற்கு, “அவரு சொல்லச் சொல்ல அடிச்சதுப்பா. அந்தப் பேருங்க எல்லாம் எனக்கு எங்க நெனப்புல கீது?” என்றார்.

இரண்டு மாதத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. கம்பெனி வண்டி, பேயிங் கெஸ்ட் அறை, கழுத்தில் அட்டை. ஸ்ரீராம்புரம் பக்கம் போகவே இல்லை. தூரம் என்று சொல்லிக்கொண்டேன். தூரம்தான், ஆனால் அதே காலத்தில் மாதம் ஒருமுறை ஊருக்கு ரயிலேறிப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன்.

போன சனிக்கிழமை மடிக்கணினியில் இருந்த எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் ஏற்றினேன். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துத்தான் ஏற்றினேன். பழைய கரண்ட் பில்லைக்கூட விடவில்லை. மனைவி தலையிலடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து, மாற்றுகிறாயா என்று அது கேட்ட இடத்தில் கை ஓடவில்லை. மறுநாள் காலை மெட்ரோ ஏறி ஸ்ரீராம்புரம் போனேன்.

டைப்பிங் கடை இருந்த இடத்தில் மொமோஸ் விற்கிறார்கள். நான் இருந்த மாடியை இடித்து மூன்று மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். லேமினேஷன் நெடி இல்லை, மூணு சுழி ரெண்டு சுழிச் சண்டை இல்லை. பத்திரிகையெல்லாம் இப்போது ஆளாளுக்கு போனிலேயே அடித்து அனுப்பிவிடுகிறார்களாம். அக்கா அதே சந்தில் ஒற்றை அறையில் இருந்தார். தலை முழுக்க நரை, ஆனால் குரல் அப்படியே இருந்தது. “இன்னாப்பா, வழி தெரியாம வந்துட்டியா? ஊட்டா ஆச்சா?” என்று சாப்பாட்டை விசாரித்தார். சுவரில் துரையண்ணன் படத்தில் மாலை. மூன்று வருஷம் ஆகிறதாம்.

“கடேசி வரைக்கும் அந்தாளு கம்ப்யூட்டர தொடவே இல்ல தம்பி. ஆஸ்பத்திரில படுத்துகினு கூட, ‘நீ அன்னிக்கே சொன்ன செல்வி, நான் கேக்கல’ன்னாரு. நானும் சும்மா இருந்தேனா? கோவம் வந்தா அதையே சொல்லிக் காட்டுவேன். பாவம்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். சிடியில் ஒன்றுமில்லை, வைரஸே இல்லை, ஃபைல் நன்றாகத்தான் இருந்தது, அழித்தது நான், அது தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். சொல்லும்போது அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை. திட்டுவார், செருப்பை எடுப்பார், எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அக்கா அழக்கூட இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமேப்பா” என்றார்.

பிறகு ஏதோ தோன்றியது போல் நிமிர்ந்தார். கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“நீ அத தொறந்து பாத்தேன்னு சொன்ன இல்ல?”

“பாத்தேன்க்கா.”

“எனக்குக் கூட காட்டலப்பா அவரு. முழுசா பாத்தியா?”

“கடைசி வரைக்கும் பாத்தேன்க்கா.”

அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லை. ஒரு சின்ன ஆசைதான் இருந்தது.

“இன்னா எழுதியிருந்தாரு?”

அந்தச் சுரங்கத்தைச் சொன்னவர் இப்போது இல்லை, கேட்டு அடித்தவரும் இல்லை. அவர்கள் இருவரையும் தவிர இந்த உலகத்தில் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

“எனக்குப் படிக்கத் தெரியலக்கா” என்றேன்.