காணாமல் போன தக்கை

பதினேழு வருஷம் ராம்தேயி அந்த அத்தர் வடிசாலையின் முற்றத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. விடிவதற்குள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ரோஜாவில் காம்பைக் கிள்ளி எறிவாள். வெட்டிவேரை உதறிச் சிக்கெடுப்பாள். பக்கத்தில் சமேலியும் இன்னும் ஆறேழு பெண்களும் இருப்பார்கள். அவர்கள் கை பட்ட பூவும் வேரும் நிலைப்படி தாண்டி உள்ளே போகும். அவர்கள் போகக்கூடாது. பெண் கால் வைத்தால் அண்டாவில் எண்ணெய் முறிந்துவிடுமாம். கன்னோஜில் எல்லாரும் சொல்வார்கள், யாரும் பார்த்ததில்லை.

இதழ் இதழாகத் தொட்டு ஆய்ந்தபோது முறியாத மணம், கூலி கொஞ்சம் கூடுகிற இடத்தில் தொட்டால் மட்டும் முறிந்துவிடுகிற அதிசயத்தை என்னவென்று சொல்வது! ராம்தேயி அதை ஒருநாளும் நம்பியதில்லை. நம்பாததை வாய்விட்டுச் சொல்ல வாய்ப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் தை மாதம் வந்தது. அடுப்படியில் எண்ணெய் பிரித்து ஊற்றுகிற ஆள் சூரத்துக்குத் துணி ஆலை வேலைக்குப் போய்விட்டான். கிராம்பு வடிப்பு பாதியில் நின்றது. வேறு ஆள் அகப்படவில்லை. முதலாளி பாபுஜி வேறு வழியில்லாமல், "ஒரு மாசம் ராம்தேயி வந்து பாக்கட்டும். அதுக்கப்புறம் யோசிக்கலாம்" என்றார். நாற்பது வருஷமாக அங்கே அத்தர் வடிக்கிற ஹபீப் மியான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணக்கு எழுதும் முன்ஷி கிருபாசங்கர், சாம்பிராணி கொளுத்திக்கொண்டுபோய் அண்டா அண்டாவாகக் காட்டினார்.

ஒரு அண்டாவும் முறியவில்லை. மூன்று வாரம் ஓடியது.

நான்காவது வாரம், ஒரு திங்கட்கிழமை. கடவாய்ப் பல் வலியில் முனகிக்கொண்டிருந்த புருஷன் ஜகேசருக்கு இரண்டு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்துவிட்டு ராம்தேயி கிளம்பினாள். பனி இன்னும் கலையவில்லை. சரக்கறைக்குப் பத்தடி முன்பே அவள் நின்றுவிட்டாள். கிராம்பு மணம் மூக்கில் ஆணி அடித்ததுபோல் ஏறியது. மூடிய கதவுக்கு வெளியே இந்த அளவுக்கு வரக்கூடாது.

கதவைத் திறந்தாள். கண் எரிந்து நீர் கொட்டியது. சாய்த்து வைத்திருந்த தாமிரக் குடத்தின் வாய் திறந்து கிடந்தது. ஏழு லிட்டர் கிராம்பெண்ணெய் செங்கல் தரையில் பழுப்பாகப் பரவி, அடுத்த அறையின் அடுப்பை நோக்கி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"சாச்சா! நெருப்ப அணைங்க! எண்ணெய் கொட்டிக் கெடக்கு!"

ஹபீப் மியான் என்ன ஏது என்று கேட்கவில்லை. எரிகிற விறகை வெளியே இழுத்து மணலில் குத்தினார். விறகு சுமக்கும் சுதாமா வாயில் பீடியோடு ஓடி வந்தான்.

"அந்தப் பீடிய மொதல்ல துப்புய்யா! எல்லாரையும் சேத்து வடிச்சிடப் போற!"

பீடி முற்றத்தில் விழுந்தது. சுதாமா உடனே தண்ணீர் வாளியைத் தூக்கினான். கொட்டியதைக் கழுவுவதுதானே உலக வழக்கம்.

"தண்ணி ஊத்தாத! எண்ணெய் அடியில போயி செங்கல் சந்துல எறங்கிடும். அப்புறம் அள்ளவே முடியாது. மண்ண எடு, மண்ண!"

மூலையில் சுட்ட களிமண் வில்லைகள் மூட்டையாகக் கிடந்தன. முதல் மழை பெய்த மண்ணின் வாசனையை அந்த ஊரில் அத்தராக வடிப்பார்கள், அதற்கான மண். ராம்தேயி ஒரு மூட்டையை அவிழ்த்து உலக்கையால் நொறுக்கினாள். முந்தானையை மூக்கில் கட்டி, சன்னல் இரண்டையும் திறந்துவிட்டு, கையில் கோணித்துணி சுற்றிக்கொண்டு, எண்ணெயின் ஓரத்தில் முதலில் வரப்புப் போட்டாள். பிறகு உள்ளே உள்ளே தூவிக்கொண்டு போனாள். காய்ந்த மண் எண்ணெயைக் குடித்துக் கறுத்தது.

அதற்குள் சுதாமா வெறுங்காலோடு அதில் மிதித்துவிட்டுக் குதித்தான். "ஐயோ, கால் பத்திக்கிட்டு எரியுதே!"

"கழுவாத. இந்தா, கடுகெண்ணெய். நல்லாத் தேச்சுத் தொடை. ரெண்டு தடவ தொடச்சிட்டு அப்புறம் சோப்புப் போடு."

அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் முன்ஷி கிருபாசங்கர் வந்தார். அவர் பார்த்தது தரையை அல்ல, ராம்தேயியை.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? பொம்பள கால் வெச்சா வெளங்காதுன்னு?"

"கால் வெச்சு மூணு வாரம் ஆச்சு முன்ஷிஜி. என் காலு இவ்வளவு நாள் தூங்கிட்டா இருந்துச்சு?"

"வாய் மட்டும் நல்லா வெளங்குது! நேத்து சாயங்காலம் குடத்த மூடுனது யாரு?"

"நான்தான்."

"தக்கை எங்க?"

ராம்தேயி திரும்பிப் பார்த்தாள். குடத்தின் கழுத்தில், அவள் சுற்றிக் கட்டிய துணி தொளதொளவென்று தொங்கியது. தக்கை இல்லை. கீழே இல்லை, குடத்துக்குள் இல்லை, மண்ணில் இல்லை. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது: வெள்ளைத் தக்கையை அழுத்திச் செருகி, துணி சுற்றி, குடத்தைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, கடைசி ஆளாக அவள்தான் கதவைச் சாத்தினாள். தக்கை எப்போதும் நனைந்து உப்பியிருக்க வேண்டும் என்று குடத்தைச் சாய்த்து வைப்பது அங்கே பரம்பரைப் பழக்கம்.

"நான் தக்கை போட்டுத்தான் மூடினேன்."

"அப்ப பேய் வந்து தின்னுடுச்சா?" என்றார் முன்ஷி. "வெறும் துணியக் கட்டிட்டுப் போயிருக்க. பாபுஜி பத்து மணிக்கு வருவார். நீ முற்றத்துக்குப் போயி உக்காரு. இனிமே எந்தப் பொம்பளையும் இந்தப் படி தாண்ட வேண்டியதில்ல."

முற்றத்தில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாசம் சமேலியையும் உள்ளே சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்று ராம்தேயி அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது சமேலியின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. தன் வேலை போவது ஒரு வலி. 'நாங்கள் அன்றே சொன்னோமே' என்று இவர்கள் இன்னும் நூறு வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார்களே, அது வேறு வலி.

அந்தத் துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவள் வெளியே வந்தாள். வெயிலில் உட்கார்ந்து விரித்துப் பார்த்தாள். நடுவில் ஏதோ ஒட்டியது. மென்று துப்பிய பபிள்கம் போல, வெள்ளையாக, இழுத்தால் நூலாக வந்தது. துணியில் இது எப்படி வந்தது?

தக்கை வெள்ளை. இதுவும் வெள்ளை.

அவள் சட்டென்று எழுந்தாள். "சாச்சா, கார்க்குத் தக்கை தீந்து எவ்வளவு நாளாச்சு?"

ஹபீப் மியான் அடுப்படி வாசலில் நின்றபடி யோசித்தார். "இருபது நாளு இருக்கும். முன்ஷி வீட்டுக்குப் புது டிவி வந்துச்சே, அந்தப் பெட்டியில வந்த தெர்மாகோல அறுத்துத் தக்கை ஆக்கிக் குடுத்தாரே. பன்னீர்க் குடத்துக்கெல்லாம் அதுதான். ஒண்ணும் ஒழுகலையே."

"பன்னீர்க் குடத்துக்குச் சரி. எண்ணெய்க் குடத்துக்கு என்னிக்குப் போட்டோம்?"

ஹபீப் மியான் திரும்பிச் சரக்கறையைப் பார்த்தார். எண்ணெய்க் குடத்துக்கு நேற்றுதான் முதல் தடவை.

பத்து மணிக்குப் பாபுஜி வந்தபோது முற்றத்தில் மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் கடுகெண்ணெய், ஒன்றில் குடத்தின் அடியில் மிஞ்சியிருந்த கிராம்பெண்ணெய். பக்கத்தில் ஒரே அளவில் மூன்று தெர்மாகோல் துண்டுகள்.

"இது என்ன கூத்து?" என்றார் முன்ஷி.

"கூத்துதான் முன்ஷிஜி. நான் கிட்டயே வரல. என் நெழல் பட்டுச்சு, மூச்சுக் காத்து பட்டுச்சுன்னு அப்புறம் சொல்லக் கூடாது பாருங்க." ராம்தேயி எழுந்து தெருவாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். "காலைல குளிச்சு, பூசை பண்ணி, நெத்தி நெறையக் குங்குமம் வெச்சிருக்கீங்க. உங்க சுத்தமான கையாலேயே போடுங்க."

சமேலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாபுஜி, "போட்டுத்தான் பாரும்" என்றார்.

முன்ஷி போட்டார். தண்ணீரில் போட்டது மிதந்தது. கடுகெண்ணெயில் போட்டதும் மிதந்தது. கிராம்பெண்ணெயில் போட்டதன் ஓரம் முதலில் பளபளத்தது. பிறகு நுரை நுரையாகக் குழிந்தது. ஒரு குவளை டீ ஆறுகிற நேரத்தில், வாயில் போட்ட பஞ்சுமிட்டாயாக இருந்த இடம் தெரியாமல் சுருங்கி, அடியில் வெள்ளைப் பிசினாகப் படிந்தது.

பாபுஜி குச்சியால் அந்தப் பிசினை எடுத்து இழுத்துப் பார்த்தார். துணியில் இருந்ததையும் இழுத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

"முன்ஷிஜி," என்றார் ஹபீப் மியான், "பேயப் பாத்துட்டோம். உங்க வீட்டு டிவிப் பெட்டியிலேர்ந்துதான் வந்திருக்கு."

சுதாமா எரிகிற காலைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். முன்ஷி கணக்குப் புத்தகத்தில் எதையோ அவசரமாகத் தேடினார். மன்னிப்பு மாதிரி ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. பெண் தவறு செய்தால் அது பெண்ணினத்தின் தவறு. முன்ஷி தவறு செய்தால் அது தெர்மாகோலின் தவறு. உலகம் இந்தக் கணக்கை இன்னும் திருத்தி எழுதவில்லை.

"காரணம் தெரிஞ்சுது, சரி," என்றார் பாபுஜி. "எண்ணெய் போனது போனதுதானே?"

"எங்க போச்சு?" ராம்தேயி இப்போது தெருவாசலிலிருந்து வந்து, முற்றம் கடந்து, நிலைப்படி தாண்டி உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. "மண்ணுகிட்டக் குடுத்து வெச்சிருக்கேன். திருப்பிக் கேட்டா குடுத்துரும். நாம இந்த ஊருல மண்ணைத்தானே வடிக்கிறோம்?"

கறுத்த மண்ணை ஒரு பிடி விடாமல் அள்ளி அண்டாவில் போட்டார்கள். தண்ணீர் ஊற்றி, மூடியின் சந்தைக் களிமண்ணால் பூசி, மூங்கில் குழாயைக் குடத்தில் இறக்கி, ஹபீப் மியான் தீ மூட்டினார். அன்று பொழுது சாய்கிறவரை அவர் அடுப்பை விட்டு எழவில்லை. ராம்தேயி குடம் மிதக்கும் தொட்டியில் தண்ணீர் சூடேற ஏற மாற்றிக்கொண்டே இருந்தாள்.

குடத்தைத் திறந்தபோது முன்ஷிதான் முதலில் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் காலையில் போன களை திரும்பியது. "எண்ணெய் எங்க? மேல ஒண்ணையும் காணோமே. வெறும் தண்ணி!"

ஹபீப் மியானும் ராம்தேயியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அந்தக் கிழவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"முப்பது வருஷமா இங்க கணக்கு எழுதுறீங்க," என்றார் அவர். "ரோஜா மெதக்கும், மல்லி மெதக்கும். கிராம்பு முழுகும் முன்ஷிஜி. அடியில பாருங்க."

மேலே நின்ற தண்ணீரை அவர் பதனமாகச் சாய்த்து வடித்தார். ராம்தேயி கண்ணாடிக் குடுவையைப் பிடித்தாள். அடியிலிருந்து தெளிந்த பொன்னிறத்தில் எண்ணெய் இறங்க ஆரம்பித்தது, இறங்கிக்கொண்டே இருந்தது. அளந்தபோது ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மோந்து பார்த்தால் கிராம்புக்குப் பின்னால் லேசாக மழை மண் வாசம். ராம்தேயி காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. அங்கேயே விறகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாபுஜி புறங்கையில் ஒரு சொட்டுத் தொட்டு மோந்தார். "நாளைக்கே கார்க் வாங்கிடுங்க" என்று முன்ஷியிடம் சொன்னார். பிறகு ராம்தேயியிடம், "ஒரு மாசம்னு சொன்னேனே, அத மறந்துடு. நீ இங்கேயே இரு."

அவர் போனதும் ஹபீப் மியான் தொண்டையைச் செருமினார். "ராம்தேயி, ரோஜா வரப்போகுது. நம்ம ரெண்டு பேரு பத்தாது. அந்தச் சமேலி எப்படி, கை சுத்தமா?"

"பதினொரு வருஷமா உங்க அண்டாவுக்குப் பூ ஆய்ஞ்சது யாரு கைன்னு நெனச்சீங்க சாச்சா?"

"சரி சரி. நாளைக்குக் கூட்டிட்டு வா. ஆனா அவளாவது கொஞ்சம் கம்மியாப் பேசுவாளா?"

"என்னை விட ரெண்டு மடங்கு."

"யா அல்லா!" என்று கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ராம்தேயி இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தாள். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் கிராம்பு போகவில்லை. ஜகேசர் வீங்கின கன்னத்தோடு கட்டிலில் கிடந்தான். அவள் நடந்ததெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"அப்ப வேலை நிக்குதா?"

"நிக்குது. சமேலியும் நாளைக்கு வர்றா."

"நல்லது," என்றான் ஜகேசர். கொஞ்சம் எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தான். "இப்ப அந்தக் கைய இங்க கொண்டா. கடவாப் பல்லு, வலப்பக்கம்."