பிரேக்கில் புகுந்த காற்று

எழுபதுகளின் கடைசி. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. செங்கத்தில் அக்கா குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்ன மனுஷன், ஆசிரமத்துப் பக்கம் வாடகை வந்ததும் டாக்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து நான் சோற்றுத் தட்டை நங்கென்று வைப்பேன். அவரும் வீம்பில் குறைந்தவரில்லை. உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பார். யார் முதலில் வாய் திறப்பது என்பது மானப் பிரச்சினையாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து வண்டியில் பிரேக் கெட்டது. மிதித்தால் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கியது. விடிந்தால் பெரிய கோயிலுக்குப் பெண் மாப்பிள்ளையை ஏற்றிப்போக வேண்டும். பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருந்தது. ஆயிலை அமுக்கினால் அது சுருங்காது. காலில் கொடுத்த அழுத்தம் அப்படியே நாலு சக்கரத்துக்கும் போய்ச் சேரும். காற்று அப்படியில்லை, தான் சுருங்கிக்கொண்டு அழுத்தத்தைத் தின்றுவிடும். அதை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும்.

மெக்கானிக் ஊரில் இல்லை. "யாராச்சும் வந்து மிதிச்சா நல்லாருக்கும்" என்று இவர் வாசல் வேப்பமரத்திடம் சொன்னார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். முன்னே பின்னே அதில் உட்கார்ந்ததில்லை; பெருமையாகத்தான் இருந்தது.

"ஒரு தட்டு தட்டுனா மிதிக்கணும், ரெண்டு தட்டுனா விடணும்." இதையும் மரத்திடமே சொல்லிவிட்டு, ஸ்பேனரோடு வண்டிக்கடியில் நுழைந்தார்.

டங். மிதித்துப் பிடித்தேன். நிப்பிள் திறந்ததும் பெடல் தானாக இறங்கியது. அவர் கை அங்கே அசைவது என் உள்ளங்காலில் தெரிந்தது. டங், டங். விட்டேன். கோபமாவது மண்ணாவது, எனக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று.

மறுபடி டங். மிதித்தேன். உடனே டங், டங். விட்டேன்.

"அய்யோ, யாருடி விடச் சொன்னா? காத்து பூரா உள்ள போயிடுச்சி!"

"நீங்கதான ரெண்டு தட்டு தட்டுனீங்க?"

"அது பாய் தட்டுனதுடி!"

பக்கத்துக் கடையில் தகரப்பெட்டி செய்யும் பாய் அப்போதுதான் வேலையை ஆரம்பித்திருந்தார். விஷயம் புரிந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கோ சந்தோஷம் தாளவில்லை.

"மொதல்ல பேசுனது நீங்கதான்" என்றேன்.

திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இப்போது தட்டெல்லாம் கிடையாது. வாயாலேயே "மிதி", "விடு". கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழி குறைந்து பெடல் கெட்டியானது. கடைசித் தடவை நான் மிதித்துப் பிடித்திருந்தபோது, அவர் குரல் தணிந்து வந்தது.

"ஞாயித்துக்கெழம எந்த வாடகையும் ஒத்துக்கல. உங்கக்கா ஊட்டுக்குப் போயி கொழந்தையப் பாத்துட்டு வரலாம்."

எனக்குத் துள்ளி இறங்கி ஓட வேண்டும்போல இருந்தது.

"கால எடுத்துடாத, இன்னும் மூடல!" என்று கத்தினார்.

எடுக்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, இரண்டு காலாலும் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தேன்.