வாளியில் ஊறிய பிள்ளையார்

விநாயகர் சதுர்த்தி முடிந்து நாலாம் நாள் விடியற்காலை, கொட்டாஞ்சேனையில் பொலிசார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து என் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யுத்த காலம். அவருடையது யாழ்ப்பாண அடையாள அட்டை, சந்தேகப்பட அதுவே போதும். கொழும்பில் என்ன வேலை என்று கேட்டதற்கு, களிமண்ணில் பிள்ளையார் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். மேசையில் இருந்த சார்ஜன்ட் கத்தவில்லை. "செய்ததில் ஒன்றைக் கொண்டு வந்து காட்டு," என்று சிங்களத்தில் சொன்னார். "நாலு மணிக்கு பஸ் வரும். கொழும்பில் இருக்கக் காரணம் காட்டாத ஆட்களை அதில் ஏற்றுவோம்." எங்கே கொண்டு போவார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் அவர் சிறிதும் பெரிதுமாக அறுபது பிள்ளையார் செய்திருந்தார். சுடாத மண். மூன்றாம் நாள் தண்ணீரில் கரைக்கத்தான் செய்வது. தச்சுவேலை செய்கிறவர் ஒரு கதிரையைக் காட்டலாம், தையல்காரர் ஒரு சட்டையைக் காட்டலாம். இவருடைய வேலை முறைப்படி நடந்தால் ஒரு கிழமையில் ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் வீட்டுப் பிள்ளையாரை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்போம், நிறம் நன்றாக வந்திருக்கிறது என்று அவர் கேட்டார். நான்தான் விடவில்லை, மூன்றாம் நாளே கரைக்க வைத்தேன். வைத்திருந்தால் தினமும் பூசை வேண்டும், கைக்குழந்தையோடு ஏதாவது குறை வந்தால் அது பிள்ளையைத்தான் பிடிக்கும் என்று பயந்தேன். மிஞ்சிய மண்ணைக் கழுவிச் சாக்கடைக் கானுக்குள் விட்டதும் நான்தான். அவர் மண் செதுக்கும் மூங்கில் கத்தியையாவது கொண்டு போயிருக்கலாம். அதை ஆயுதம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

வாங்கியவர்களைத் தேடிப் போனேன். இரும்புக்கடை முதலாளி, "கரைச்சாச்சு தங்கச்சி," என்றார். ஒரு கடிதமாவது எழுதித் தரச் சொன்னேன். "அதில என்ர பேரும் வந்திடுமெல்லே," என்றார். அடுத்த வீட்டில் தட்டியதும் உள்ளே ரேடியோ நின்றது. கதவு திறக்கவில்லை.

வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். அங்கே மாடிவீடு ஒன்றில் இருந்த பாங்க் அக்கா வருஷாவருஷம் எங்களிடம்தான் வாங்குவார். சிலையோடு கடற்கரைக்குப் போனால் ஆமி மறிக்கும் என்று அங்கே பலர் வீட்டு வாளியிலேயே கரைத்தார்கள்.

"ஐயோ பிள்ளை, காலமைதான் வாளிக்குள்ள விட்டனான்!"

பல்கனிக்கு ஓடிப்போய் வாளிக்குள் கையை விட்டேன். தும்பிக்கை இல்லை, காது இல்லை. வயிறு மட்டும் கொஞ்சம் உருண்டையாகத் தட்டுப்பட்டது.

"வாளியோட தாங்கோ அக்கா."

"உனக்கென்ன விசரே? செக்பொயின்டில என்னெண்டு சொல்லுவாய்?"

"சாமி எண்டு."

"இதையோ?" என்றார். ஆனால் நான் தண்ணீரை வடிக்கும் வரை பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தார். கீழே வந்து ஒரு த்ரீவீலரும் பிடித்துத் தந்தார். "வாளியைத் திருப்பித் தா, என்ன. குளிக்கிற வாளி."

மூன்று இடத்தில் மறித்தார்கள். ஒரு ஆமிக்காரன் பேனாவால் குத்திப் பார்த்தான். மிஞ்சியிருந்த வயிறும் உடைந்தது. பொலிசுக்குப் போய்ச் சேரும்போது மூன்றரை. வாளியில் இருந்தது, ரோஸ் பெயின்ட் கோடு ஓடிய சேறு.

சார்ஜன்ட் எட்டிப் பார்த்தார். "இதுவா தெய்வம்?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் எனக்கு எப்போதும் தடக்கும். அன்று எப்படி வந்ததோ தெரியாது. "மாத்தயா, இதை அவரிடம் குடுங்கோ. அவர் செய்வார்."

அவரைக் கூட்டி வந்தார்கள். சட்டையில் ஒரு பொத்தானும் இல்லை. என்னைப் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தார். தரையில் குந்தி மண்ணை அள்ளினார். தண்ணீர் கூடிப்போயிருந்தது. தும்பிக்கையை உருட்டி வைத்தார், வழுக்கி விழுந்தது. திரும்ப வைத்தார், திரும்பவும் விழுந்தது. சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். பிள்ளை அழத் தொடங்கியது.

பையில் கையை விட்டு அகப்பட்ட நாப்கின் துணியை நீட்டினேன், மண்ணைப் பிழிந்தெடுக்க. தோய்த்ததா, பிள்ளை நனைத்ததா என்று பார்க்க நேரமில்லை. நனைத்தது என்றுதான் நினைக்கிறேன். தெய்வக் குற்றம் என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். யோசித்துக்கொண்டேதான் நீட்டினேன்.

அவர் மண்ணைத் துணியில் சுற்றி முழங்காலால் அமத்தினார். பிறகு ஒரு சாண் உயரத்தில் வயிறு வந்தது, காது வந்தது. தும்பிக்கை நின்றது. நகத்தால் கண்ணைக் கீறினார்.

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். "கண தெய்யோ," என்று மெல்லச் சொன்னார். சிங்களத்தில் பிள்ளையாருக்கு அதுதான் பேர்; அவர்களும் கும்பிடுகிற தெய்வம்தான். அதை எடுத்துக் கோப்பு அலுமாரிக்கு மேல் வைத்தார். பட்டியலில் என் கணவரின் பெயரைக் கோடிழுத்து வெட்டினார்.

என் கணவர் உள்ளே கையெழுத்து வைக்கும் வரை நான் வாசலில் நின்றேன். அங்கே மதிலோரம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். பஸ் வந்து, ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்தது. ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். அவருடைய மகன் பாஸ்போர்ட் எடுக்க ஊரிலிருந்து வந்து லொட்ஜில் நின்றபோது பிடிபட்ட பொடியன்.

"தங்கச்சி, உன்ர ஆளை விடுகினமாம். நீ என்னத்தைக் காட்டினனி? சொல்லம்மா, நானும் கொண்டு வாறன்."

"மண்," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, பஸ் கிளம்பக் கிளம்ப, உள்ளே காட்ட ஏதாவது இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்.