இன்ஜின் கவரைக் கழுவப்போய்க் கண்ணைக் கழுவிய கதை

முன்பின் தெரியாத ஒருத்தர் உங்கள் பிடரியைப் பிடித்து, அரை மணி நேரம் தண்ணீருக்குக் கீழே அமுக்கி வைத்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையிலும் ஏசினேன்.

போன வருஷம், சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது. தெரணியகலைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டம். நான் கேம்பஸ் முடித்துவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தேன். கையில் ஒரு பழைய பைக் இருந்தது. முன்னால் வைத்திருந்த மகராசன் இன்ஜின் கவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கெடுத்திருந்தான். அதை உரித்தெடுத்து, உள்ளே இருக்கும் அலுமினியத்தைப் பளபளவென்று ஆக்கி, புத்தாண்டுக்கு டவுனில் ஒரு ரவுண்ட் போக வேண்டும். அவ்வளவுதான் லட்சியம்.

டவுன் கராஜில் பழைய இரும்புச் சாமான்களைக் காஸ்டிக் சோடாத் தண்ணியில் ஊறப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் தோல் மாதிரி கழன்று வரும். இரும்புக்குச் சரி என்றால் அலுமினியத்துக்கும் சரிதானே என்று ஒரு கணக்கு. இதில் கேவலம் என்னவென்றால், அலுமினியம் காஸ்டிக் சோடாவில் கரையும், வாயு கிளம்பும் என்று ஏ.எல். கெமிஸ்ட்ரி பேப்பரில் சமன்பாடு எழுதி மார்க்ஸ் வாங்கியவன் நான். பேப்பரில் எழுதியது பேப்பரோடு போய்விட்டது.

எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே ரோட்டோரம் பீலி இருக்கிறது. மலைத் தண்ணி இருபத்துநாலு மணி நேரமும் குழாய் வழியாகக் கொட்டும். எதிரே பஸ் நிற்கும் இடம். பீலிக்கரையில் வாளியை வைத்து, சுடுதண்ணி ஊற்றி, சோடாவைக் கரைத்து, கவரை உள்ளே போட்டேன். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை. கூட என் கூட்டாளி, த்ரீவீலர் ஓட்டுகிறவன், வேடிக்கை பார்க்க நின்றான்.

பஸ்ஸுக்கு ஒரு சிங்கள அக்கா நின்றிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ். வாளியிலிருந்து ஆவி கிளம்பியதும் கிட்ட வந்து, என்ன போட்டிருக்கிறேன் என்று தமிழிலேயே கேட்டார். சொன்னேன். தள்ளி நிற்கச் சொன்னார்.

"இது கெமிஸ்ட்ரி, அக்கா. நீங்க பஸ்ஸப் பாருங்க" என்றேன். கூட்டாளி சிரித்தான்.

சொல்லி முடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாளி உலைப்பானை மாதிரி கொதித்து, கறுப்பு நுரை பொங்கி வழிந்தது. கவரை வெளியே எடுத்துவிடலாம் என்று குச்சியோடு குனிந்தேன். இடது கண்ணில் தெறித்தது.

அந்த எரிச்சலைச் சொல்லத் தெரியவில்லை. அப்போதும் என் மண்டை அடங்கவில்லை. சோடா காரம், அதற்கு அமிலம் விட்டால் சரியாகிவிடும் என்று, தேசிக்காய் கொண்டு வா என்று கத்தினேன், எலுமிச்சைப் புளி விடலாம் என்று. கூட்டாளியும் லயத்துக்கு ஓடினான். அதற்குள் ஒரு கை என் பிடரியைப் பிடித்து பீலிக்குக் கீழே தள்ளியது. இன்னொரு கையின் விரல்கள் என் கண் இமையை விரித்துப் பிடித்தன.

அவன் வெட்டின தேசிக்காயோடு திரும்பி வந்தபோது அந்த அக்கா அதைத் தட்டிவிட்டார். "அத விட்டா கண்ணு போயிரும். தண்ணி மட்டும்."

நான் உதறினேன், ஏசினேன், தமிழில் தீர்ந்ததும் சிங்களத்துக்குப் போனேன். அவர் அசையவில்லை.

"ஏசு மல்லி, நல்லா ஏசு. வாயத் தொறந்துக்க. கண்ண மட்டும் மூடாத." மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

நடுவில் பஸ் வந்த சத்தம் கேட்டது. ஹோர்ன் அடித்தது, கொஞ்சம் நின்றது, போய்விட்டது. அந்தக் கை என் பிடரியை விடவில்லை. போதும் போதும் என்று நான் கெஞ்சும்போதெல்லாம் "தவ டிக்கக்" என்றார். இன்னும் கொஞ்சம். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் த்ரீவீலரில் ஏறவிட்டார். போகும் வழியிலும் ஊற்றிக்கொண்டே போகச் சொல்லி, தன் தண்ணிப் போத்தலை நிரப்பிக் கூட்டாளி கையில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்ணோரம் ஒரு சின்னத் தாளை வைத்து, காரம் மிச்சமிருக்கிறதா என்று நிறம் பார்த்தார். மறுபடி சேலைன் விட்டுக் கழுவினார்கள். பிறகு, உடனே கழுவியது யார் என்று கேட்டார். ஒரு அக்கா என்றேன். இந்தக் கண் அந்த அக்கா தந்தது, என்னுடைய வேலை மிச்சத்தைப் பார்ப்பதுதான் என்றார். பெயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் வெட்கமாக இருந்தது.

புத்தாண்டு கறுப்புக் கண்ணாடியோடும் சொட்டு மருந்தோடும் போனது. கவர் செல்லரித்த பலகை மாதிரி ஓட்டை ஓட்டையாகிக் குப்பைக்குப் போனது.

மூன்று வாரம் கழித்து, கொஞ்சம் பலகாரம் வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸுக்குப் போய் நின்றேன். அக்கா வந்தார். பார்சலைப் பார்க்கவில்லை, என் கண்ணைத்தான் பார்த்தார். மேல் தோட்டத்து ரப்பர் பெக்டரியில் பால் உறைய வைக்க அசிட் ஊற்றுகிற வேலையாம். யார் மேல் எது தெறித்தாலும் முதலில் தண்ணி, அப்புறம்தான் பேச்சு என்பது அங்கே பழக்கமாம். அன்றைக்கு எப்படி வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். நடந்துதான் என்றார், ஏதோ கடைக்குப் போய் வந்த மாதிரி. ஆறு கட்டை, அதாவது ஆறு மைல் தூரம்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துகொண்டிருந்தது.

"நல்ல கண்ணப் பொத்து. போர்ட வாசி."

பொத்திக்கொண்டு வாசித்தேன், தெரணியகலை என்று.

"அப்ப சரி" என்றார். பார்சலை வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். பெயரை அன்றும் கேட்கவில்லை பாருங்கள், என் லட்சணம்.

இப்போது வேறு கவர் வாங்கி மாட்டியிருக்கிறேன். அதிலும் கறுப்புப் பெயின்ட் இருந்தது. இந்த முறை அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்த பெயின்ட் ரிமூவர்தான் வாங்கினேன். தடித்த கையுறை, முகத்தோடு ஒட்டும் கண்ணாடி, காற்றோட்டமான வெளி இடம். பிரஷ்ஷால் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் வரை பொறுத்து, கம்பி பிரஷ் படாமல் மரச் சிராயால் வழித்து எடுத்தேன். வேலையைப் பீலிக்குப் பக்கத்தில்தான் செய்தேன். தெரிந்தது என்று நினைக்கிற எல்லாவற்றுக்கும் முன்னால் இப்போது அந்தத் தண்ணிச் சத்தம் காதில் கேட்கிறது.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இந்தக் கடைசி வரியை டைப் பண்ணுகிறேன். எழுத்து தெரிகிறது.