ஜன்னல் பக்கம் வரச் சொன்ன சிஸ்டர்

சென்ற மாதம் அம்மாவுக்குக் கடைசி வீடியோ பரிசோதனை. செல்வராணி சிஸ்டரின் முகத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். போனில் வேறொரு இளம் நர்ஸ் வந்தார். “செல்வராணி சிஸ்டர் லீவாம்மா?” என்று அம்மா கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். “சிஸ்டர் போன வாரம் தவறிட்டாங்கம்மா. மாரடைப்பு.”

நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்த சென்னை மருத்துவமனையில், வீடு திரும்பியவர்களை வீடியோவில் கவனிப்பது அவர் வேலை. நெய்வேலியில் எங்கள் பிளாக்கிலேயே அவரிடம் பேசியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அழைப்பு வந்த அன்று, அம்மா என்னை ஹாலைப் பெருக்கச் சொல்லி, சோபா உறையை மாற்றச் சொல்லி, பட்டுக்கரைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் சிரித்துவிட்டார். “யம்மா, நான் என்ன பொண்ணு பார்க்கவா வந்துக்கிறேன்? காயத்தைக் காட்டுங்க. எங்க வூடு உங்க பக்கத்துல குறிஞ்சிப்பாடிதான், நமக்குள்ள என்ன!”

“நல்லா இருக்கேங்க” என்றார் அம்மா.

“அதை எல்லாரும் சொல்லிகினேதான் இருக்காங்க. சமையல்கட்டுக்குப் போயி ஒரு டம்ளர் தண்ணி எடுத்துகினு வாங்க. நீங்க நடக்கிறதை நான் பார்க்கிறேன்.”

அப்பா சுரங்கத்தில் ஷிப்டில் இருப்பார் என்பதால், போனைப் பிடிப்பது என் பொறுப்பு. ஒருநாள் இன்னொரு கையில் நூலகப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். “கதை அப்புறம் படிக்கலாம் பாப்பா. ஆடாம புடி. என் கண்ணு இப்ப உன் கையிலதான் இருக்குது.”

அடுத்த அழைப்பு ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா வழக்கம்போல மஞ்சள் பூசிக் குளித்து, குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிஸ்டர் திரைக்கு அருகில் வந்து உற்றுப் பார்த்தார்.

“முகத்தை சோப்பு போட்டுக் கழுவிகினு வாங்க.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா மஞ்சளைக் கழுவச் சொல்றாங்களே!” என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தார். ஆனாலும் கழுவிவிட்டு வந்தார்.

“டியூப்லைட்டு வேணாம். ஜன்னல் பக்கம் வாங்க. மேலே பாருங்க. பாப்பா, கண்ணுகிட்ட கொண்டு போ.”

காலை வெளிச்சத்தில் நானும் பார்த்தேன். கண்ணின் வெள்ளைப் பகுதி வெள்ளையாக இல்லை.

“யூரின் என்ன கலர்ல போகுது?”

என் முன்னால் சொல்ல அம்மா கூச்சப்பட்டார். “டிக்காஷன் மாதிரி... ரெண்டு நாளா.”

“அதை ஏம்மா சொல்லல?”

“வெயில்னு நெனச்சேங்க. இதைப் போயி போன்லயா சொல்றது?”

“வேற எதுக்கும்மா இந்த போனு?” என்றவர், உடனே டாக்டரை இணைப்பில் அழைத்தார். அன்றே அம்மாவை சென்னைக்கு அழைத்துப் போனோம். பித்தக் குழாயில் ஒரு கல் அடைத்திருந்தது. வாய்வழியே குழாய் செலுத்தி எடுத்தார்கள். தாமதித்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும் என்றார் டாக்டர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிஸ்டர் வேலை முடிந்து கிளம்பியிருந்தார்; அடுத்த இரண்டு நாளும் அவருக்கு விடுமுறை. நன்றி சொல்லப் போன அப்பா வெறுங்கையோடு போகவில்லை. சிஸ்டரின் மேசையில் ஒரு பொட்டலம் அல்வாவை வைத்துவிட்டு வந்தார். அடுத்த அழைப்பில், “எனக்கு ஒரு துண்டுதாங்க மிஞ்சுச்சு” என்று சிஸ்டர் குறைபட்டுக்கொண்டார்.

கடைசிப் பரிசோதனைக்குத் திரும்புகிறேன். செய்தியைச் சொன்ன பிறகு அந்த இளம் நர்ஸ் தன்னைத் தேற்றிக்கொண்டு, “நீங்க எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டார்.

அம்மா எழுந்து சமையலறைக்கு நடந்தார். ஒரு டம்ளர் தண்ணீருடன் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, மேலே பார்த்தார். “பார்த்துக்கோம்மா. அவங்க இப்படித்தான் பார்ப்பாங்க” என்றார்.

அந்தக் கண்கள் வெள்ளையாக இருந்தன, நிறைந்தும் இருந்தன. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் போனை ஆடாமல் பிடித்திருந்தேன். செல்வராணி சிஸ்டர் எனக்குத் தந்துவிட்டுப் போனது இந்தக் கையை.